வாசலில் கொட்டிய சரளை

எங்கள் வாசலுக்கு என்ன போடலாம் என்று பார்க்க வந்த நெசு-சான், மாதிரித் தட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"இங்க யாரெல்லாம் நடப்பாங்க?"

"நாங்க ரெண்டு பேருதான்," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் டீக் கோப்பைக்குள் பார்த்தார். தரை போடுகிறவர் கேட்ட முதல் கேள்விக்கே நான் பொய் சொன்னேன். அந்த வாசலில் தினமும் நடந்த மூன்றாவது ஆளை ஒழித்துக்கட்டத்தான் நெசு-சானையே வரவழைத்திருந்தேன்.

எங்கள் வாசல் அப்போது வெறும் மண். இரண்டு கார் நிற்கிற அளவு இடம். மாமனார் காலத்திலிருந்தே வேலி கிடையாது. கிழக்கே ஹைட்ரேஞ்சியா செடிகள் வரிசையாக நிற்கும். அதில் ஓர் இடைவெளி, அதற்கு அப்பால் இசோகாய்-சான் வீடு. மேற்கே ஒரு சந்து. சந்தின் முனையில், பிள்ளைகளைக் காக்கிற ஜிசோ சாமி, முழங்கால் உயரக் கல்லுருவம், கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, முன்னால் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தோடு நிற்பார். நான் தினமும் ஏழு மணிக்குப் போய்க் கைகூப்பிவிட்டு வருவேன். என் மகன் பிறந்தபோது எடை குறைவாக இருந்தான். அன்று தொடங்கிய பழக்கம்.

இசோகாய்-சான் ஏரிக்கரைத் தடத்தில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். இடது கால் மட்டும் திரும்பி வரவில்லை. "இப்ப இருக்கிற நடைதான் உங்க சொத்து. தினமும் நடந்தா இருக்கும், நிறுத்தினா போயிடும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வீட்டுக்கு முன்னால் இருக்கிற தெரு சாக்கடைப் பக்கம் சாய்ந்திருக்கும். இழுத்து நடக்கிற கால் அந்தச் சாய்வில் தானாகவே சாக்கடையை நோக்கிப் போகும். எங்கள் வாசல் சமமான மண். அதனால் நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் வந்து, வீட்டம்மாவைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல்லோடு கேட்டார்.

"ஒக்குசான், கொஞ்ச நாளைக்கு உங்க வாசல் வழியா நடந்துக்கலாமா?"

"தாராளமா! எத்தனை நாள் வேணும்னாலும் நடங்க. இதுக்கெல்லாமா கேக்கணும்?" என்றேன்.

எங்கள் ஊரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். சொன்ன வார்த்தை நாலு வருஷம் நீளும் என்று நான் நினைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு வருவார். கழுத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டி ஆடும். எங்கள் வாசலின் நடுவில் வந்ததும் நின்று மூச்சு வாங்குவார். அப்புறம், பக்கவாதத்தில் கொஞ்சம் குழறிப்போன குரலில், ஓட்டுநராக இருந்தபோது அறிவித்த மாதிரியே, எங்கள் குடும்பப் பெயரை நிறுத்தமாக வைத்து அறிவிப்பார்.

"கடோவாக்கி முன்வாசல், கடோவாக்கி முன்வாசல். அடுத்து ஜிசோ சாமி. ஏறுறவங்க பின்கதவு வழியா ஏறுங்க!"

முதல் மாதம் சிரித்தேன். இரண்டாம் வருஷம் சமையலறை ஜன்னலின் திரையை இழுத்துவிடத் தொடங்கினேன். இரவு உடையோடு செய்தித்தாள் எடுக்கப் போக முடியவில்லை. அதைவிட, அவர் போன பிறகு மண்ணில் இருக்கும் அடையாளம் என்னை உறுத்தியது. ஒரு காலடி, ஒரு கோடு, ஒரு புள்ளி. வலது கால் பதியும், இடது கால் இழுபடும், கைத்தடி குத்தும். வாசலின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை அதே வரிசை. முந்தின நாள் மாலை மூங்கில் துடைப்பத்தால் அலை அலையாகக் கூட்டி வைத்திருப்பேன். காலையில் அதன் குறுக்கே அந்தக் கோடு கிடக்கும்.

போன கோடையில் மருமகள் வந்திருந்தாள். "அத்தை, இங்க யாரு தினமும் மூட்டை இழுத்துட்டுப் போறது?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு என்னமோ வீடு அழுக்காக இருக்கிறது என்று சொன்ன மாதிரி இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இசோகாய்-சான், கொஞ்சம் லேட்டா வாங்களேன்," என்றோ, "அறிவிப்பை மட்டும் விட்டுடுங்களேன்," என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதற்கு எங்களுக்கு நாக்கு எழாது. அதற்குப் பதிலாகத் தரையை மாற்றலாம் என்று தோன்றியது.

நெசு-சான் தட்டுகளை வரிசையாக வைத்தார். சிமென்ட் தளம், இணைத்துப் பதிக்கும் பேவர் கல், தட்டைப் பாறைக்கல், சாதாரண ஆற்றுச் சரளை. கடைசித் தட்டில் இலேசான, சாம்பல் நிறச் சரளை. விரலால் கிண்டினாலே கரகரவென்று கத்தியது.

"இது என்ன?"

"சத்தச் சரளை. கண்ணாடியைச் சுட்டுப் பொரிச்சுப் பண்றது. திருட்டு பயம் இருக்கிறவங்க போடுவாங்க. பூனை நடந்தாக்கூடப் பக்கத்துத் தெருவுல நாய் குரைக்கும்." நெசு-சான் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "ஆனா ஒண்ணு, ஒக்குசான். கால் கொஞ்சம் புதையும். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, கைத்தடி எதுவும் இதுல ஆகாது. அதான் முதல்லயே யார் நடப்பாங்கன்னு கேட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் தேர்ந்தெடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று ஜிசோ சாமியிடம்கூட என்னால் சொல்ல முடியாது.

"இதையே போட்டுடுங்க," என்றேன். "ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் திருட்டுப் போச்சாம். சுற்றறிக்கையில வந்திருந்தது."

"ஒரு சைக்கிளா?" என்றார் என் கணவர்.

"இன்னிக்கு சைக்கிள். நாளைக்கு?"

அவர் மறுபடி டீக் கோப்பைக்குள் பார்த்தார்.

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் வழக்கப்படி வீட்டுக்கொரு துண்டை மடித்துக் காகிதத்தில் சுற்றி, "ரெண்டு நாள் சத்தம் இருக்கும், பொறுத்துக்கணும்," என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லப் போனேன். இசோகாய்-சானே கதவைத் திறந்தார்.

"அடடா, துண்டா? நான் குளிக்கறதில்லன்னு யாரோ சொல்லியிருக்காங்க போல," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "என்ன வேலை?"

"வாசலுக்குச் சரளை போடறோம். நடந்தா சத்தம் போடுற சரளை. திருட்டு பயம் பாருங்க."

அவர் பதில் சொல்ல ஒரு நொடி ஆனது. அந்த நொடியில் அவர் கண் கைத்தடியின் நுனிக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

"நல்ல யோசனை, ஒக்குசான். இந்தக் காலத்துல யாரை நம்ப முடியுது?" என்று சொல்லி, நான் குனிந்ததைவிட அதிகமாகக் குனிந்து வணங்கினார்.

சரளை கொட்டிய மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். செடி இடைவெளியில் இசோகாய்-சான் நின்றிருந்தார். வலது காலை வைத்தார். தெருவே விழித்துக்கொள்கிற மாதிரி கரகரவென்று சத்தம். இடது காலை இழுத்தார். சரளை அதைப் பிடித்துக்கொண்டது. தடியை ஊன்றினார், தடி இறங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரும் இல்லாத வாசலைப் பார்த்து மெதுவாக, "இந்தத் தடம் இன்றுமுதல் ரத்து செய்யப்படுகிறது," என்றார். திரும்புவதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

திரையை விட்டேன். அப்பாடா என்று இருந்தது. சோற்றுக் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்குள் அந்த அப்பாடா போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவி ஃபுசாயோவும் தெரு வழியாகச் சுற்றி வந்து அழைப்பு மணியை அடித்தார்கள். அவர் கோட்டு போட்டு டை கட்டியிருந்தார். கையில் சிவப்பு முள்ளங்கி ஊறுகாய்ப் பெட்டி.

"நாலு வருஷமா உங்க வாசலை என் பாட்டுக்குக் கிழிச்சுக்கிட்டுப் போனேன். ஒரு நாள்கூட நீங்க முகம் சுளிக்கல. ரொம்ப மன்னிக்கணும்," என்று வாசற்படியில் நின்று குனிந்தார். குனிந்தபோது தடி ஆடியது. ஃபுசாயோ முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்ன இது, நாங்கல்ல…" என்று நானும் குனிந்தேன். நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தோம். தப்புச் செய்தவள் நான். மன்னிப்பும் ஊறுகாயும் எனக்கே கிடைத்தன. அந்த ஊறுகாயை என் கணவர்தான் தின்று தீர்த்தார்.

ஒரு வாரம் அவர் சாய்ந்த தெருவில் நடந்து பார்த்தார். இரண்டு தடவை சாக்கடை ஓரத்தில் தடுமாறி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பிறகு அவரைக் காணவில்லை.

அக்டோபர் கடைசியில் ஜிசோ சாமியின் கிண்ணம் வறண்டு கிடந்தது. ஒரு மேப்பிள் இலை, இரண்டு செத்த எறும்பு. இத்தனை வருஷத்தில் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் வைக்கிற கோவில்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கெட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் செய்தேன். உண்மையைச் சொன்னால், மனசு கொஞ்சம் லேசாயிற்று. ஒரு பக்கம் குறைந்ததை இன்னொரு பக்கம் ஈடுகட்டுகிற மாதிரி இருந்தது. கடவுள் அவ்வளவு சுலபமாக ஏமாறுவாரா என்று அப்போது யோசிக்கவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஃபுசாயோ சுற்றறிக்கை அட்டையைக் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் இசோகாய்-சான்தான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்துவருவார்.

"ஒக்குசான், ஜிசோ சாமிக்கு இப்ப நீங்கதான் தண்ணி வைக்கறீங்களாமே? ரொம்ப நன்றி," என்றாள்.

"அதுக்கு எனக்கு எதுக்கு நன்றி? கோவில்காரங்க மறந்துட்டாங்க போல இருக்கு."

ஃபுசாயோ என்னைப் பார்த்தாள். "கோவில்காரங்களா? இந்த நாலு வருஷமா எங்க வீட்டுக்காரர்தானே வெச்சுட்டிருந்தார். கழுத்துல புட்டி மாட்டிட்டுப் போவாரே!"

அவர் குடிப்பதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாலு வருஷமாக, ஏழு மணிக்கு நான் கைகூப்பும்போது சாமி முன்னால் இருந்த தண்ணீர், ஆறு மணிக்கு எங்கள் வாசலில் கோடு கிழித்துக்கொண்டு போன தண்ணீர். அந்தத் தண்ணீரின் முன்னால் நின்றுகொண்டு, அந்தக் கோடு ஒழிந்தால் போதும் என்று நான் நினைத்திருக்கிறேன்.

"இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"சாமிக்குத் தண்ணி இல்லையேன்னு புலம்பிட்டே இருந்தார். தெரு வழியா மறுபடி போய்ப் பார்க்கறேன்னு ஒரு நாள் செருப்பைக்கூடப் போட்டுட்டார். நான்தான், 'ஒக்குசான் வெச்சுட்டாங்க, கவலைப்படாதீங்க'ன்னு சொன்னேன்." ஃபுசாயோ சிரிக்க முயன்றாள். "'அப்ப சரி, மாத்து ஓட்டுநர் வந்தாச்சு, என் ஷிஃப்ட் முடிஞ்சுது'ன்னு செருப்பைக் கழட்டிட்டார். அதோட கொதாட்சு மேசைச் சூட்டுக்குள்ள கால விட்டு உக்காந்தவர்தான். டிவி போட்டது போட்டபடி. முந்தாநாள் எழுந்திருக்கறப்ப முழங்கால் மடங்கவே இல்ல."

அட்டையில் முத்திரை வைத்தேன். கோணலாக விழுந்தது. ஃபுசாயோ போன பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சரளை ஒரு கறையும் இல்லாமல், நான் ஆசைப்பட்டபடியே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். முள்ளங்கியும் மீன் உருண்டையும் கொதித்துக்கொண்டிருந்தன. அவர் அடுப்பைச் சின்னதாக்கினார்.

"எனக்குத் தெரியும், சுமியே," என்றார்.

"என்ன தெரியும்?"

"நெசு-சான் கேட்டப்ப நீ 'ரெண்டு பேரு'ன்னே. நான் டீயைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவர் நடந்து போறது எனக்கும் எரிச்சல்தான். நீயே முடிச்சுட்டா எனக்குக் கெட்ட பேர் இல்லன்னு இருந்துட்டேன்."

"வாயால சொல்ல வேண்டியதைக் கல்லை விட்டுச் சொல்ல வெச்சேனே."

"கல்லு நல்லாத்தான் சொல்லிடுச்சு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். "இப்ப வாயால சொல்லு."

மறுநாள் நெசு-சானின் கிடங்குக்குப் போனேன். பின்புறத்தில் எல்லா விதத் தரையையும் ஒவ்வொன்றும் இரண்டு பாய் அகலத்தில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு குடையைத் தடியாக ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து ஒவ்வொன்றின் மேலும் நடந்தேன். நெசு-சான் கையில் வைத்திருந்த சிகரெட்டை மறந்து பார்த்தார்.

"ஒக்குசான், கால்ல அடியா?"

"இது என் கால் இல்ல. பக்கத்து வீட்டு இசோகாய்-சானோடது."

அவர் சிகரெட்டை அணைத்தார். உள்ளே போய் ஒரு சின்ன மணல் பையை எடுத்துவந்து என் கணுக்காலில் கட்டினார். "அப்ப இதையும் கட்டிக்குங்க. நல்ல காலை இழுத்தா ஏமாத்திடும்." கட்டும்போது, தலை தூக்காமலே, "அன்னிக்கே மூணு பேருன்னு சொல்லியிருந்தா இந்தக் கல்லைக் கண்ணுலயே காட்டியிருக்க மாட்டேனே," என்றார்.

"அதனாலதான் சொல்லல."

அவர் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

கோடு போட்ட சிமென்ட் தளத்தில் செருப்பின் முனை ஒவ்வொரு கோட்டிலும் தட்டியது. பேவர் கல்லின் இடுக்குகள் பார்க்கும்போது சின்னதாகத்தான் இருந்தன. இழுபடும் காலுக்கு ஒவ்வொன்றும் ஒரு படி. பாறைக்கல்லில் விளிம்பு இடித்து விழப்போனேன், நெசு-சான் பிடித்தார். வழவழப்பான தரை ஓட்டில் கால் சுகமாகப் போயிற்று. அவர் ஒரு குவளைத் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, "இப்ப நடங்க," என்றார். நடக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. இதை அவர் தினமும் காலையில் செய்தார். செய்துகொண்டே சிரிக்கவும் வைத்தார்.

கடைசியில் ஒரு மூலையில், மண்ணில் சுண்ணாம்பும் உப்பும் கலந்து அடித்து இறுக்கிய தரை இருந்தது. பழைய சமையற்கட்டுத் தரை மாதிரி, மாநிறம். கால் அதன் மேல் தடங்கல் இல்லாமல் இழுபட்டது. குடை நுனி புதையவும் இல்லை, வழுக்கவும் இல்லை.

"இதுதான்," என்றேன்.

"இது சோம்பேறிகளுக்கு ஆகாது. பனியில வருஷா வருஷம் கொஞ்சம் பெயர்ந்து வரும். வசந்தத்துல பூசி அடிக்கணும்."

"அடிக்கறேன்."

"ஒக்குசான், முழு வாசலையுமா?"

"சரளை இருக்கட்டும். நான் செஞ்சதை நானும் பாத்துட்டே இருக்கணும். நடுவுல கிழக்கேயிருந்து மேற்க ஒரு பாதை மட்டும் போடுங்க. எண்பது சென்டிமீட்டர்."

"ஒரு மீட்டர் போடறேன். எண்பதுன்னா தடி வெளியில போகும்."

வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் மறுபடியும் ஒரு துண்டை மடித்துக் காகிதத்தில் சுற்றினேன். இந்தத் தடவை ஒரே ஒரு வீடு.

ஃபுசாயோ என்னை உள்ளே கூட்டிப்போனாள். இசோகாய்-சான் கொதாட்சுவின் போர்வைக்குள் இடுப்புவரை இருந்தார். முகம் வீங்கின மாதிரி இருந்தது. தொலைக்காட்சியில் யாரோ நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"மறுபடியும் துண்டா?" என்றார். "நான் இன்னும் குளிக்கலன்னு யார் சொன்னது?"

நான் பாயில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றினேன். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியம் மறந்துபோயிற்று.

"திருட்டு பயம்னு சொன்னது பொய்," என்றேன். "நீங்க வரக்கூடாதுன்னுதான் அந்தச் சரளையைப் போட்டேன். கைத்தடி போகாதுன்னு நெசு-சான் சொன்னார். சொன்ன பிறகுதான் போடச் சொன்னேன்."

ஃபுசாயோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. இசோகாய்-சான் தொலைக்காட்சியை அணைத்தார்.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன்," என்றார். "நிறுத்தத்துல நிக்கறவங்க ஏற நிக்கறாங்களா, மழைக்கு ஒதுங்கி நிக்கறாங்களான்னு தூரத்துலயே தெரியும். உங்க ஜன்னல் திரை மூடுறது எனக்குத் தெரியாதா, ஒக்குசான்?"

என்னால் தலை நிமிர முடியவில்லை.

"தெரிஞ்சுதான் வந்தேன். ரெண்டு வருஷமா தெரிஞ்சேதான் வந்தேன். எனக்கு அந்த வாசல் அவ்வளவு வேணும். அதனால தெரியாத மாதிரி இன்னும் சத்தமாக் கத்தினேன். நீங்க ஒரு தடவை வந்து, 'போதும்பா'ன்னு சொல்லிடுவீங்களோன்னு தினமும் பயம்." கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். இந்தக் கல்லுகிட்ட எப்படிச் சிரிக்கறது?"

"நாளைக்கு நடுவுல பாதை போடறோம். இறுக்கின மண். நானே கால இழுத்து நடந்து பாத்தேன். போகுது."

"வேண்டாம். வீண் வேலை. இந்தக் கால் இனிமே வராது."

"நீங்க வந்தாலும் வராட்டாலும் போடறேன்." எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "இன்னொண்ணு. ஜிசோ சாமிக்கு இனிமே நான் தண்ணி வைக்க மாட்டேன்."

அவர் தலை நிமிர்ந்தது. "அதென்ன? எங்க மேல இருக்கிற கோவத்துக்குச் சாமியைத் தாகத்துல போடுவீங்களா?"

"கோவம் இல்ல. அது உங்க தடம். நான் தெரியாம வண்டியை எடுத்துட்டேன்."

இசோகாய்-சான் என்னை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. "துணிச்சல்தான்," என்று மட்டும் சொன்னார்.

பாதை இரண்டு நாளில் முடிந்தது. காய ஒரு வாரம். அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. தினமும் ஏழு மணிக்கு நான் ஜிசோ சாமி முன்னால் போய் நிற்பேன். வெறும் கிண்ணம். கையில் கெட்டில் இல்லாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் ஒரு தாய் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு, "பாவம், தண்ணிகூட இல்ல," என்றாள். நான் காது கேட்காத மாதிரி கைகூப்பிக்கொண்டு நின்றேன். "என்னை மன்னிக்க வேண்டாம், அவர் காலை மட்டும் பாத்துக்கோ," என்று வேண்டினேன். சாமி எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நாள் எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன். பத்து நாள் இருக்கலாம், பன்னிரண்டும் இருக்கலாம். பாதையின் மண் இறுகி இருந்ததால் அதில் எந்தத் தடமும் விழாது. இருந்தும், ஒரு காலத்தில் எந்தக் கோட்டைப் பார்த்து எரிச்சல் பட்டேனோ, அந்தக் கோடு விழுந்திருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்தேன். தரை மாநிறமாக, சுத்தமாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் முதல் உறைபனி விழுந்தது. அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே சரளை ஒரே ஒரு தடவை கரக் என்றது. தடி பாதையை விட்டு விலகினால் வருகிற சத்தம். பிறகு அமைதி. நான் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். திரை அன்று திறந்தேதான் இருந்தது, ஆனால் ஜன்னலில் நீராவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.

"கடோவாக்கி முன்வாசல்," என்றது குரல். முன்பைவிடக் குழறலாக, மூச்சு வாங்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கடோவாக்கி முன்வாசல்."

ஈரக் கையோடு, இரவு உடையோடு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பாதையின் நடுவில் நின்றிருந்தார். கழுத்தில் புட்டி. மூக்கு நுனி சிவந்திருந்தது. செடி இடைவெளியில் ஃபுசாயோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் வந்த வழியில், வெள்ளைப் பனியின் மேல், ஒரு காலடி, ஒரு கோடு, ஒரு புள்ளி. வரிசை முன்பைவிடக் கோணலாக இருந்தது. இரண்டு இடத்தில் நின்று நின்று வந்திருக்கிறார். நாலு வாரம் உட்கார்ந்ததன் அளவு அந்தக் கோட்டில் தெரிந்தது. அந்த நாலு வார நடையை அவரிடமிருந்து நான்தான் எடுத்துக்கொண்டேன். எத்தனை பாதை போட்டாலும் அது திரும்பி வராது.

"இன்னிக்கு வழுக்கும், இசோகாய்-சான்," என்றேன்.

"வழுக்கல. நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்க," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சந்துப் பக்கமாகத் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்து ஜிசோ சாமி. இங்க யாராவது ஏறணுமா?"

"ஒருத்தி ஏறணும்."

"பின்கதவு," என்றார்.

நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் வலது காலை வைத்தார், இடதை இழுத்தார், தடியை ஊன்றினார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் என் காலை வைத்து, அதை மிதிக்காமல், மெதுவாகப் பின்னால் நடந்தேன்.